கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகள்: எதை எதனுடன் சேர்க்கலாம்?



ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிற நம்முடைய பெரியவர்களின் பைகளில் வேதப்புத்தகத்தோடுகூட ஒரு மாத்திரை டப்பாவும் இருப்பது இந்நாட்களில் சாதாரணமாகிவிட்டது. சர்க்கரைக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்றிருந்த அந்த டப்பாவில், கொழுப்புக்கு மாத்திரம் இப்பொழுது இரண்டு, சிலருக்கு மூன்று மாத்திரைகள் சேர்ந்துவிட்டன. "கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, டிரைகிளிசரைடுக்கு ஒன்று என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா? ஈரல் கெட்டுப்போகாதா?" என்று பலர் கேட்கிறார்கள். சிலர் கேட்பதுமில்லை, பயந்துபோய் ஒன்றைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. சேர்ப்பதால் நன்மை உண்டென்று நிரூபிக்கப்பட்ட மருந்துகள் உண்டு. சிலருக்கு மாத்திரம் சேர்க்க வேண்டியவை உண்டு. சேர்த்தும் பயன் இல்லாதவை உண்டு. சேர்க்கவே கூடாதவையும் உண்டு. இங்கே எழுதப்படுவது மருத்துவருடைய ஆலோசனைக்குப் பதிலாக அல்ல; மருத்துவரின் முன்பாக உட்காரும்போது சரியான கேள்வியைக் கேட்க உங்களுக்கு உதவும்படியாகவே.

இது ஏதோ சில வீடுகளின் பிரச்சினை என்றும் எண்ணிவிடாதிருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதையும், 81.2 சதவீதத்தினருக்கு இரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதாவது ஒன்று சரியாக இல்லை என்பதையும் அது காட்டிற்று. ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து, நேரத்துக்கு உணவில்லாமலும் நடையில்லாமலும் உழைக்கிற நம்முடைய குடும்பங்களும் இந்தக் கணக்குக்குள் அடங்கியவையே.

கொழுப்பு இரண்டு, ஆபத்தும் இரண்டு

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் பல வரிகள் இருந்தாலும், மருந்தைப் பொறுத்தவரை இரண்டு வரிகள் முக்கியமானவை. ஒன்று எல்.டி.எல். கொலஸ்ட்ரால். இது இரத்தக்குழாயின் சுவரில் படிந்து, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிதிறக்கிறது. மற்றொன்று டிரைகிளிசரைடு. இது நாம் உண்ட உணவிலிருந்து மிஞ்சின சக்தியைச் சுமந்து செல்லும் கொழுப்பு. 150-க்குக் கீழே இருப்பது நல்லது. 500-ஐத் தாண்டினால் கணையம் வெந்துபோகும் ஆபத்து தொடங்குகிறது. 1,000-ஐத் தாண்டினால் அந்த ஆபத்து மிகவும் அதிகம்.

எல்.டி.எல்.-ஐக் குறைத்து இருதயத்தைக் காப்பதில் அஸ்திபாரமான மருந்து ஸ்டாட்டின். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987-ல் அமெரிக்காவில் இவ்வகையின் முதல் மாத்திரை அனுமதி பெற்றது. இன்று நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அடோர்வாஸ்டாடின் அல்லது ரோசுவாஸ்டாடின். ஸ்டாட்டின் ஒன்றே டிரைகிளிசரைடையும் ஓரளவு குறைக்கும். ஆகையால் வேறெந்த மாத்திரை வந்தாலும் அது ஸ்டாட்டினுக்குத் துணையாக வருவதே தவிர, மருத்துவர் சொல்லாமல் அதன் இடத்தில் வருவதல்ல.

இரண்டாவது மாத்திரைக்கு முன்பாக ஒரு கேள்வி உண்டு. டிரைகிளிசரைடு ஏன் ஏறியது? கட்டுக்கடங்காத சர்க்கரை, மதுபானம், தைராய்டு குறைபாடு, சிறுநீரக நோய், ஸ்டீராய்டு மாத்திரைகள், மூன்று வேளையும் சோறும் இனிப்பும் என்று பல காரணங்கள் உண்டு. தைராய்டு குறைந்திருப்பதை அறியாமல் ஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்குத் தசைவலி வரும் வாய்ப்பும் அதிகம். காரணத்தைச் சரிசெய்தாலே 300 என்றிருந்த எண் மாத்திரையில்லாமல் இறங்குவதுண்டு. ஆகவே, "டாக்டர், தைராய்டு பரிசோதனை செய்து பார்த்துவிட்டோமா?" என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை.

2001-ல் உலகம் கற்ற பாடம்

மருந்துகளைச் சேர்ப்பதைக் குறித்து ஏன் இவ்வளவு எச்சரிக்கை? அதற்கு ஒரு துக்கமான சரித்திரம் உண்டு.

1997-ல் செரிவாஸ்டாடின் என்னும் ஸ்டாட்டின் விற்பனைக்கு வந்தது. டிரைகிளிசரைடுக்காக அந்நாட்களில் பரவலாக எழுதப்பட்ட மருந்து ஜெம்ஃபைப்ரோசில். இரண்டும் ஒரே மனிதனுக்குள் போனபோது விபரீதம் நேரிட்டது. ஸ்டாட்டினை இரத்தத்திலிருந்து எடுத்துச் செயலிழக்கச் செய்து வெளியேற்றுவது ஈரலின் வேலை. ஜெம்ஃபைப்ரோசில் அந்த வழிகளை அடைத்துவிடுகிறது. வழி அடைபட்ட ஸ்டாட்டின் இரத்தத்தில் பல மடங்கு தேங்கி, தசைகளைச் சிதைக்கிறது. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்துக்குள் போய் அதைச் செயலிழக்கச் செய்கிறது.

2001 ஆகஸ்டு மாதத்தில் பேயர் நிறுவனம் அந்த மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்பொழுது அமெரிக்காவில் மாத்திரம் 31 மரணங்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. அவர்களில் 12 பேர் ஜெம்ஃபைப்ரோசிலையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டையும் சேர்க்கக்கூடாது என்னும் எச்சரிக்கை 1999 டிசம்பரிலேயே மருந்தின் குறிப்பேட்டில் அச்சாகிவிட்டது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. நோயாளியின் டப்பாவில் என்னென்ன இருந்தன என்பதை முழுவதுமாய்ப் பார்த்தவர்தான் இல்லை.

செரிவாஸ்டாடின் போய்விட்டது, ஜெம்ஃபைப்ரோசில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. எந்த ஸ்டாட்டினோடும் அதைச் சேர்ப்பதைத் தவிர்ப்பதே இன்றைய மருத்துவத்தின் பொதுவான வழிகாட்டுதல். பழைய சீட்டில் எழுதியிருக்கிறதென்று அதைத் தொடர்ந்து வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உடனே மருத்துவரிடம் காண்பிக்க வேண்டும்.

சேர்க்கக்கூடியவை எவை?

முதலாவது, ஸ்டாட்டினும் எசிடிமைப்பும். எசிடிமைப் குடலிலிருந்து கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஸ்டாட்டின் ஈரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியாவதைத் தடுக்கிறது. இரண்டும் வெவ்வேறு இடத்தில் வேலை செய்வதால் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஸ்டாட்டினின் அளவை இரண்டு மடங்காக்கினால் எல்.டி.எல். மேலும் 6 சதவீதம் அளவுக்கே குறையும். 10 மில்லிகிராம் எசிடிமைப்பைச் சேர்த்தாலோ ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். மாரடைப்பு போன்ற இருதயத் தாக்குதலுக்கு உள்ளான 18,144 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. சிம்வாஸ்டாடின் மாத்திரம் சாப்பிட்டவர்களில் 7 ஆண்டுகளில் 34.7 சதவீதத்தினருக்கு மரணமோ, மாரடைப்போ, பக்கவாதமோ, அதற்கொத்த பெரிய பாதிப்போ நேரிட்டது. எசிடிமைப்பும் சேர்த்தவர்களில் அது 32.7 சதவீதம். தென் கொரியாவில் 3,780 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான மற்றொரு ஆய்வில், 20 மில்லிகிராம் ரோசுவாஸ்டாடினுக்கு ஈடாக 10 மில்லிகிராம் ரோசுவாஸ்டாடினும் எசிடிமைப்பும் சேர்ந்து பலன் தந்தன. மருந்தைத் தாங்க முடியாமல் நிறுத்தினவர்களோ அளவைக் குறைத்தவர்களோ சேர்த்துச் சாப்பிட்டவர்களிடையே குறைவாகவே இருந்தார்கள். சேர்ப்பதால் நன்மை தெளிவாக நிரூபிக்கப்பட்ட ஜோடி இதுவே.

இந்தக் குறைந்த அளவு நமக்கு ஏன் முக்கியம்? ஆசிய வம்சத்தாரின் இரத்தத்தில் ரோசுவாஸ்டாடின் ஏறத்தாழ இரண்டு மடங்கு தங்குகிறது என்று கண்டறியப்பட்டு, 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதன் குறிப்பேட்டையே மாற்றச் செய்தது. 5 மில்லிகிராமில் தொடங்குவதைக் குறித்து யோசிக்கும்படி அது சொல்லுகிறது. இந்தியரும் அதில் அடங்குவர். ஆகையால், "மேல்நாட்டில் 40 கொடுக்கிறார்களாமே" என்று நாமே அளவை உயர்த்திக்கொள்ளக்கூடாது.

இரண்டாவது, ஸ்டாட்டினும் ஃபீனோஃபைப்ரேட்டும். இதுவே நம்மவர்களின் டப்பாக்களில் அதிகமாகக் காணப்படும் ஜோடி. ஃபீனோஃபைப்ரேட்டும் ஜெம்ஃபைப்ரோசிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, பெயரும் ஒத்திருக்கிறது. ஆனால் ஸ்டாட்டினை வெளியேற்றும் வழிகளை ஃபீனோஃபைப்ரேட் அவ்விதமாய் அடைப்பதில்லை. 2005-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, ஸ்டாட்டினோடு சேரும்போது தசைச்சிதைவு ஜெம்ஃபைப்ரோசிலால் நேரிட்டதாக அறிவிக்கப்பட்டது, ஃபீனோஃபைப்ரேட்டைவிட ஏறத்தாழ 15 மடங்கு அதிகம். ஆகவே சேர்க்க வேண்டிய அவசியம் இருந்தால் மருத்துவர்கள் ஃபீனோஃபைப்ரேட்டையே தெரிந்துகொள்ளுகிறார்கள்.

ஆயினும், அவசியம் இருக்கிறதா என்பதே கேள்வி. நீரிழிவுள்ள 5,518 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், சிம்வாஸ்டாடினோடு ஃபீனோஃபைப்ரேட்டைச் சேர்த்ததால் மாரடைப்பும் மரணமும் மொத்தத்தில் குறையவில்லை. பெமாஃபைப்ரேட் என்னும் புதிய மருந்தை, டிரைகிளிசரைடு கூடியிருந்த 10,497 நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. டிரைகிளிசரைடு 26 சதவீதம் இறங்கியது. இருதயத்துக்கோ பலன் கூடவில்லை. காகிதத்தில் எண் இறங்குவதும் இருதயம் காக்கப்படுவதும் எப்பொழுதும் ஒன்றல்ல என்பதை இதனால் அறிகிறோம்.

அப்படியானால் அதை நிறுத்திவிடலாமா? வேண்டாம். டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினவருக்குக் கணையத்தைக் காக்க அது தேவைப்படுகிறது. நீரிழிவால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு ஃபீனோஃபைப்ரேட் அந்தப் பாதிப்பின் வேகத்தைக் குறைப்பதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு எந்தக் காரணத்துக்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். சிறுநீரகம் மிகவும் பலவீனப்பட்டவர்களும் பித்தப்பையில் கல் உள்ளவர்களும் இதைச் சாப்பிடக்கூடாது. தொடங்குமுன்பும் தொடங்கின பின்பும் கிரியேட்டினின் பார்ப்பது அவசியம்.

மூன்றாவது, சாரோகிளிட்டசார். இது அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் காடிலா நிறுவனம் கண்டுபிடித்து, 2013-ல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த மருந்து. நீரிழிவோடு டிரைகிளிசரைடும் கூடி, ஸ்டாட்டினால் மாத்திரம் அடங்காதவர்களுக்கு எழுதப்படுகிறது. இது செயல்படும் வழியில் ஒரு பங்கு ஃபீனோஃபைப்ரேட்டின் வழியே ஆனபடியால், ஒரு மருத்துவர் இதையும் மற்றொருவர் அதையும் எழுதியிருந்தால் இருவரில் ஒருவரிடம் இரண்டையும் காண்பித்தே ஆகவேண்டும்.

நான்காவது, மீன் எண்ணெய். ஸ்டாட்டின் சாப்பிட்டும் டிரைகிளிசரைடு கூடியிருந்த 8,179 பேரிடம், ஐகோசாபென்ட் எத்தில் என்னும் சுத்திகரிக்கப்பட்ட மருந்தை நாளொன்றுக்கு 4 கிராம் கொடுத்து நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது; இருதயப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. வேறுவிதமான மீன் எண்ணெய்க் கலவையை வைத்து நடந்து 2020-ல் வெளியான ஆய்விலோ பலன் இல்லை. கடையில் விற்கும் சாதாரண மீன் எண்ணெய்க் கேப்சூல் அந்த முதலாவது மருந்துக்கு ஈடல்ல. அதிக அளவில் எடுத்தால் இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும், ஆஸ்பிரின் போன்றவற்றோடு சேர்ந்து இரத்தக் கசிவும் நேரிடலாம்.

ஐந்தாவது, நயாசின். ஒரு காலத்தில் ஸ்டாட்டினோடு இதைச் சேர்ப்பது வழக்கமாயிருந்தது. 25,673 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான பெரிய ஆய்வில் இருதயத்துக்குப் பலன் கிடைக்கவில்லை. சர்க்கரை கூடுதல், தசை பாதிப்பு, நோய்த்தொற்று ஆகியவைதான் பெருகின. 2016-ல் ஸ்டாட்டினோடு நயாசினைச் சேர்ப்பதற்கான அனுமதியை அமெரிக்கத் துறை விலக்கிக்கொண்டது.

ஸ்டாட்டினைத் தாங்க முடியாதவர்களுக்கு இன்று பெம்பிடோயிக் அமிலம் என்னும் மாத்திரையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இன்கிளிசிரான் போன்ற ஊசிகளும் உண்டு. பெம்பிடோயிக் அமிலம் யூரிக் அமிலத்தைக் கூட்டும் என்பதால், வாதக்கீல் வலியுள்ளவர்கள் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சிம்வாஸ்டாடின் 20 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் இதைச் சேர்க்கக்கூடாது.

பெயர் இரண்டு, மருந்து ஒன்று

ஊரைவிட்டு வந்து வாழ்கிற நமக்கென்றே ஒரு தனி ஆபத்து உண்டு. மும்பையில் தாராவியிலோ, பெங்களூரிலோ, டெல்லியிலோ வசிக்கிற ஒரு தகப்பனாரை எண்ணிக்கொள்ளுங்கள். விடுமுறைக்குத் திருநெல்வேலிக்குப் போனபோது மார்வலி வந்து, அங்கே ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டாடினும் சேர்ந்த கேப்சூலோடு ஊர் திரும்புகிறார். சில மாதங்களுக்குப் பின், நகரத்திலுள்ள சர்க்கரை நோய் மருத்துவர் டிரைகிளிசரைடு 280 என்று கண்டு, ரோசுவாஸ்டாடினும் ஃபீனோஃபைப்ரேட்டும் சேர்ந்த மாத்திரையை எழுதுகிறார். முந்தின கேப்சூலை அவரிடம் யாரும் காண்பிக்கவில்லை; அது "இருதய மாத்திரை", இது "கொழுப்பு மாத்திரை" என்று வீட்டில் பேர் வைத்தாயிற்று. இப்பொழுது அந்தத் தகப்பனார் ஒரே நாளில் இரண்டு ஸ்டாட்டினும் ஒரு ஃபைப்ரேட்டும் சாப்பிடுகிறார். அவரவர் கண்டதற்கேற்ப இரு மருத்துவர்களும் சரியாகவே எழுதினார்கள். இரண்டு சீட்டும் ஒரே மேசையின்மேல் வைக்கப்படவில்லை, குறை அவ்வளவே.

நம் நாட்டில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகளை அடக்கி விற்பது மிகவும் சாதாரணம். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களிலும் வருகிறது. ஊரில் வாங்கின பெயர் நகரத்துக் கடையில் இல்லையென்றால் வேறொரு பெயரில் தருகிறார்கள். பழைய அட்டையில் மீதியிருப்பதையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு இரட்டிப்பாகிறது. ஆகையால் வியாபாரப் பெயரை விட்டு, அட்டையில் அச்சாகியிருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். "ஸ்டாட்டின்" என்று முடிகிற பெயர் உங்கள் வீட்டு அட்டைகளில் இரண்டில் காணப்பட்டால், அடுத்த வேளைக்கு முன்பாகவே மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். பூஞ்சைப் பூச்சிக் களிம்புகளில் வரும் நிஸ்டாட்டின் மாத்திரம் இந்த வகையைச் சேர்ந்ததல்ல.

இடையில் வந்து சேரும் மருந்துகள்

சில வேளைகளில் மோதல் கொழுப்பு மாத்திரைகளுக்குள் அல்ல, ஒரு வாரத்துக்காக வந்த வேறொரு மருந்தினால் உண்டாகிறது.

புழுக்கமான நகரங்களில் படர்தாமரைக்காக வாரக்கணக்கில் எழுதப்படும் இட்ராகோனசோல், நெஞ்சுச்சளிக்காக எழுதப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை சிம்வாஸ்டாடினையும் அடோர்வாஸ்டாடினையும் இரத்தத்தில் தேங்கச் செய்யும். அந்த நாட்களில் மருத்துவர் ஸ்டாட்டினை நிறுத்திவைப்பார் அல்லது மாற்றித்தருவார். அவரிடம் சொன்னால்தானே அது நடக்கும்.

இரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள் சிம்வாஸ்டாடினை 20 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடக்கூடாது. டில்டியாசம், வெரபாமில் சாப்பிடுகிறவர்களுக்கு எல்லை 10 மில்லிகிராம். வாதக்கீல் வலிக்கான கோல்சிசின் ஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசையைப் பாதிக்கக்கூடும். இருதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரினோ அசெனோகூமராலோ சாப்பிடுகிறவருக்கு ஃபீனோஃபைப்ரேட் தொடங்கினால் இரத்தக்கசிவு நேரிடலாம். உறைதல் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த வயிற்றெரிச்சல் மருந்தைக் குடித்தால், ரோசுவாஸ்டாடினுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மாத்திரை முதலாவது, வயிற்று மருந்து பின்னாலே.

"இயற்கை மருந்துதானே" என்று வாங்குபவற்றையும் மறைக்க வேண்டாம். சிவப்பு ஈஸ்ட் அரிசிக் கேப்சூலில் இருப்பது லோவாஸ்டாடின் என்னும் அதே ஸ்டாட்டின்தான். கருவுற்றிருக்கிற, அல்லது கருத்தரிக்க விரும்புகிற சகோதரிகள் கொழுப்பு மாத்திரைகளைத் தொடரலாமா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

எப்பொழுது பயப்பட வேண்டும்?

இரண்டு தொடைகளிலும் தோள்களிலும் கெண்டைக்கால்களிலும் காரணமில்லாத வலி, படியேற முடியாத பலவீனம், அதோடு காய்ச்சலோ சோர்வோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் பால் கலவாத கடுந்தேநீர் நிறமாக இறங்கினால் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே தசைநொதியையும் சிறுநீரகத்தையும் பரிசோதிப்பார்கள். கண்கள் மஞ்சளானால் ஈரலைப் பார்க்க வேண்டும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை ஊடுருவுகிற கடும்வலி கணையத்தின் கூக்குரலாயிருக்கலாம்.

அதேவேளையில் ஒவ்வொரு உடல்வலிக்கும் மாத்திரையைக் குற்றஞ்சாட்டிவிடக்கூடாது. ஸ்டாட்டினையும் மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வுகளிலிருந்து சுமார் 1,24,000 பேரின் விவரங்களைத் திரட்டி 2022-ல் வெளியிட்டபோது, ஸ்டாட்டின் சாப்பிட்டவர்கள் சொன்ன தசைவலிகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவை அந்த மருந்தால் உண்டானவையல்ல என்று தெரியவந்தது. வலியைச் சொல்லுங்கள், பரிசோதித்துப் பாருங்கள், தானாக நிறுத்தாதிருங்கள்.

உபவாசமும் சுகமும்

உபவாச நாட்களில் மாத்திரையை என்ன செய்வது? அடோர்வாஸ்டாடினையும் ரோசுவாஸ்டாடினையும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கலாம். ஃபீனோஃபைப்ரேட் பெரும்பாலும் உணவோடு சாப்பிடும்படி எழுதப்படுகிறது. அதைக் குறித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினையும் கிளோபிடோக்ரெலையும் ஒரு நாளும் விடக்கூடாது. அடைப்பு திடீரென்று உண்டாகலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உபவாசிக்கவே வேண்டாம்.

சுகத்துக்காக ஜெபிக்கிற ஜனங்கள் நாம். ஜெபித்தபின் இரத்தப் பரிசோதனை சரியாக வந்ததைக் கண்டு, சிலர் மாத்திரையைத் தூக்கிப்போடுகிறார்கள். மாத்திரை சாப்பிடும்போது எண் சரியாக இருப்பது, அந்த மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கும் அடையாளம். நிறுத்தினால் சில வாரங்களில் எல்.டி.எல். பழைய அளவுக்கே ஏறிவிடும். ஏறுகிறதை நம்முடைய சரீரம் உணராது. சுகமான குஷ்டரோகியை ஆண்டவர் ஆசாரியனிடத்தில் போய்த் தன்னைக் காண்பிக்கும்படி அனுப்பினார் அல்லவா? பரிசோதித்து அறிவிக்க வேண்டியவரிடத்தில் போய்க் காண்பிப்பது அவிசுவாசம் அல்ல. நிறுத்தலாமா என்பதையும் அவரே சொல்லட்டும்.

இன்றிரவு செய்யவேண்டியது

இதை வாசித்து முடித்தவுடன், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மேசையின்மேல் பரப்பிவையுங்கள். அட்டைகளில் ஆங்கிலமும் சில இடங்களில் இந்தியும் இருக்கும். ஊரில் தமிழ் மாத்திரம் படித்துவந்த தாய் தகப்பன்மாருக்கு அவை விளங்காது. ஆனால் அதே வீட்டில் நகரத்துப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அட்டையைத் திருப்பி, மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் அவர்கள் வாசிக்கட்டும். நீங்கள் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எந்த வேளை, எந்த மருத்துவர், எதற்காக, எப்பொழுதிலிருந்து என்று ஆறு பத்திகள் போதும். ஒவ்வாத மருந்து ஏதாவது இருந்தால் அடியில் எழுதுங்கள். காலாவதியான அட்டைகளை அப்புறப்படுத்துங்கள்.

அந்தத் தாளின் ஒரு பிரதி மாத்திரை டப்பாவில் இருக்கட்டும்; ஒன்று பிள்ளையின் கைப்பேசியில் இருக்கட்டும். ஊருக்கு ரயிலேறும்போது மாத்திரைகளோடுகூட அதையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், எந்த மருந்துக் கடையில் நின்றாலும், முதலாவது அந்தத் தாளை நீட்டுங்கள். புதிய மாத்திரை தொடங்கினபின் 4 முதல் 12 வாரங்களுக்குள் கொழுப்பையும், மருத்துவர் சொல்லுகிறபடி ஈரலையும் கிரியேட்டினினையும் பரிசோதித்து, அந்த எண்களையும் அதே தாளில் ஏற்றிவையுங்கள்.

இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுவது பயப்படத்தக்க காரியம் அல்ல. ஒவ்வொன்றும் ஏன் எழுதப்பட்டது என்று அறிந்து, எல்லாவற்றையும் ஒருவராவது முழுவதுமாய்ப் பார்த்திருந்தால், அவை உங்கள் ஆயுசுநாட்களுக்குத் துணையாயிருக்கும். அப்படிப் பார்க்கிற முதல் ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.